கொள்கை உங்களுடையது, ஆபரேஷன் மட்டும் அவருக்கா?

கேள்வி: எனக்கு வயது 36. கடலூர் ஆல்பேட்டை பக்கம் வீடு, வேலை புதுச்சேரியில். மனைவிக்கு 32. ஆறு வயதில் ஒரு மகள். இரண்டாவது குழந்தை வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். காரணம் பணம் இல்லை, பூமி. ஒரு குழந்தை குறைத்துப் பெற்றால் ஆண்டுக்கு 58 டன் கார்பன் மிச்சம் என்று ஓர் ஆய்வு சொல்கிறது. நான் சைக்கிளில் போவதும் துணிப்பை எடுத்துப்போவதும் அதன் முன்னால் தூசு. மனைவியோ மகளுக்கு ஒரு துணை வேண்டும் என்கிறாள். இதைப் பேசினாலே வீட்டில் சண்டை. உங்கள் பக்கத்தை அவள் தவறாமல் படிப்பாள், நீங்கள் எடுத்துச் சொன்னால் கேட்பாள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனை அவள் எப்போது செய்துகொள்ளலாம் என்றும் சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், கடலூர்

பதில்:

உங்கள் மனைவி இதைப் படிப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. அவரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்போடுதான் எழுதுகிறேன். ஆனால் டாக்டர் என்ற பெயரில் உங்களுக்காக அவரிடம் தூது போக மாட்டேன். கேட்டது நீங்கள், உங்களிடமே பேசுகிறேன்.

அந்த 58 டன்னிலிருந்து தொடங்குவோம். 2017-ல் வந்த ஆய்வுக் கட்டுரையின் எண் அது. பொய்யில்லை, ஆனால் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் வீட்டுச் சண்டைக்குள் கொண்டுவரக் கூடாத எண். அதற்கு அடிப்படை, 2009-ல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் போட்ட கணக்கு. பிறக்கும் பிள்ளை வாழ்நாள் முழுக்க விடப்போகும் கரியமில வாயுவில் பாதி அம்மாவின் பேரில், பாதி அப்பாவின் பேரில். பேரப்பிள்ளை விடுவதில் கால் பங்கு தாத்தா பேரில். கொள்ளுப்பேரன் என்றால் அரைக்கால். இப்படி வம்சம் போகிற வரை கூட்டிக்கொண்டே போய், வந்த மொத்தத்தைப் பெற்றவரின் ஆயுளால் வகுத்தால் ஆண்டுக்கு இவ்வளவு என்று கிடைக்கும். 2017 கட்டுரையின் 58 டன், அதைப் பணக்கார நாடுகளுக்குப் போட்டுப் பார்த்தது. அதே 2009 கணக்கில், அமெரிக்கப் பெண் பெறும் ஒரு குழந்தையின் சுமை வங்கதேசப் பெண் பெறும் குழந்தையின் சுமையைப்போல 160 மடங்குக்கு மேல் வருகிறது. ஒரே கணக்கு, ஒரே குழந்தை, பிறக்கும் ஊர்தான் வேறு.

இதில் எனக்கு ஒரு நெருடல் எப்போதும் உண்டு. பேரன் விடும் புகைக்குத் தாத்தா பொறுப்பு என்றால், உங்கள் வீட்டில் ஓடும் ஏசி உங்கள் ஆயாவின் கணக்கில் அல்லவா போக வேண்டும்? பாவம், மின்விசிறியே இல்லாத வீட்டில் வாழ்ந்து போயிருப்பார். அதோடு, இன்றைக்கு நாம் எரிக்கும் அளவே பேரன் காலத்திலும் எரியும் என்று வைத்துக்கொண்டால்தான் எண் அவ்வளவு பெரிதாகிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் விளக்கெரிப்பது உங்கள் பேத்தி காலத்திலும் தொடர வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லையே.

இந்தியர் ஒருவர் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன். அமெரிக்கர் 14 டன் சுற்றி. உங்களுடையது நடுத்தரக் குடும்பம் என்பதால் சராசரியைவிடக் கொஞ்சம் கூடவே வரும். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களில் ஆண்டுக்கொரு முறை பாரிஸ் போய் வருவார்கள். சென்னையிலிருந்து ஒருவர் ஒருமுறை போய்த் திரும்பினால் ஒரு டன்னைத் தாண்டிவிடும். சராசரி இந்தியரின் ஆறு மாதக் கணக்கு ஒரு டிக்கெட்டில் முடிந்துவிடுகிறது.

இதைச் சொல்வதால் உங்கள் எண்ணமே தப்பு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விமானத்தில் போகாமல் இருப்பது ஒருமுறை மிச்சம். ஒரு மனிதப் பிறவி என்பது எழுபது எண்பது ஆண்டுச் சோறு, தண்ணீர், கரண்டு, வீடு. தனி மனிதன் எடுக்கக்கூடிய முடிவுகளில் இது பெரியதுதான். அதை யோசிப்பவரைக் கேலி செய்யும் ஆட்களோடு நான் சேரமாட்டேன். "பதினாறும் பெற்று" என்று வாழ்த்திவிட்டு, பதினாறு என்றால் பதினாறு வகைச் செல்வம் என்று சமாளிக்கும் ஊர் இது. இன்னொரு பக்கம், 2024 அக்டோபரில் முதல்வர் ஸ்டாலினே ஒரு திருமண விழாவில், மக்கள்தொகை குறைவால் நாடாளுமன்றத் தொகுதி எண்ணிக்கை குறையும் நிலை வந்தால் பதினாறு பிள்ளை பெற்றால் என்ன என்று நினைக்கத் தோன்றுகிறது என்று பேசினார். ஐம்பது ஆண்டுகள் "நாம் இருவர் நமக்கு இருவர்" என்று சுவரில் எழுதிய அரசாங்கம்! நேற்று நாட்டுக்காகப் பெறாதே, இன்று நாட்டுக்காகப் பெறு. இதற்கு நடுவில் பூமிக்காகப் பெறாதே என்று நீங்கள். கர்ப்பப்பைக்கு ஆலோசனை சொல்ல வருபவர்களுக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

ஒரு விஷயத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மக்கள்தொகை அப்படியே நிலைக்க ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியாவே 2.0-க்கு வந்துவிட்டது, தமிழ்நாடு 1.8. நம் பக்கம் பிள்ளைகள் பெருகிக் கிடக்கவில்லை. உங்கள் கடிதத்தில், இங்கே வெளியிடாத பகுதியில், எனக்குப் பிடிக்காத ஒரு வரி: "குப்பத்தில் மூன்று நான்கு பெறுகிறார்கள், அவர்களுக்கு யார் சொல்வது?" என்னிடம் வரும் மீனவப் பெண்கள் பெரும்பாலும் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான். மூன்று பிள்ளை இருந்தாலும் இரண்டு ஃபேன், ஒரு டிவி. அந்த வீட்டின் மொத்தப் புகையும் என் காரையும் என் மருத்துவமனை ஜெனரேட்டரையும் எட்டாது. அவர்களை இந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

புதுச்சேரியில் வேலை பார்க்கிறீர்கள், கடற்கரைச் சாலையில் நடந்திருப்பீர்கள். நான் இங்கே வந்த புதிதில் மூத்தவர்கள் சொல்லிக் கேட்டது, அங்கே அகலமான மணல் இருந்ததாம். 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். நம் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகரும். சுவர் அதைத் தெற்கே பிடித்துவைத்துக்கொண்டது. வடக்கே ஊருக்கு முன்னால் இருந்த மணல் போனது, கருங்கல்லைக் கொட்டினார்கள். அரிப்பு மெல்ல வடக்கே மீனவ ஊர்களின் பக்கம் போனது. 2018-ல் கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு போட்ட பிறகு கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. இவ்வளவுக்கும் எந்தத் தாய் இரண்டாவது பிள்ளை பெற்றாள் என்பதற்கும் என்ன சம்பந்தம்? சில பேர் மேசையில் உட்கார்ந்து போட்ட ஒரு திட்டம். கடற்கரை போனதற்குக் கணக்கு கேட்க வேண்டிய இடம் வேறு, நாம் கேட்டுக்கொண்டிருப்பது படுக்கையறையில்.

சரி, இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். "ஆபரேஷனை அவள் எப்போது செய்துகொள்ளலாம்?"

தம்பி, கொள்கை யாருடையது?

நான் இந்தத் தொழிலுக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது. மனைவிக்குக் கு.க. ஆபரேஷன் செய்யுங்கள் என்று கூட்டிவரும் கணவர்களைக் கணக்கு வைத்ததில்லை. எனக்குச் செய்யுங்கள் என்று வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடுவேன். முன்பு சொன்ன அதே கணக்கெடுப்பில், இந்தியாவில் திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் தாங்களே கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டிருக்கிறார்கள், கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம். எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் வாசக்டமி, அதாவது ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன், செய்துகொண்டார்கள். அப்புறம் அவசர நிலை வந்தது. 1976-77-ல் மட்டும் 62 லட்சம் வாசக்டமி. அதில் எத்தனை பேர் விரும்பி வந்தார்கள், எத்தனை பேரைப் பிடித்து வந்தார்கள் என்பது ஊரறிந்த கதை. 1977-ல் ஆட்சி மாறியது, "குடும்பக் கட்டுப்பாடு" என்ற பெயரே "குடும்ப நலம்" ஆனது. ஆண்களைத் தொடவே அரசுகள் பயந்தன. அந்தப் பாரம் முழுக்கப் பெண்ணின் வயிற்றுக்கு வந்து சேர்ந்தது, இன்றுவரை இறங்கவில்லை.

அன்றைக்கும் சொல்லப்பட்ட காரணம் நல்ல காரணம்தான். நாடு, வறுமை, உணவு. சீனாவும் நல்ல காரணம் சொல்லித்தான் 1980 வாக்கில் ஒரே குழந்தைச் சட்டத்தைப் பிடித்து 2015 வரை விடவில்லை. இப்போது மூன்று பெறலாம் என்று அனுமதித்தும் அங்கே தொட்டில் நிறையவில்லை. பெண் குழந்தைக்கு மதிப்பில்லாத ஊரில் "ஒன்று போதும்" என்று நெருக்கினால் அந்த ஒன்று ஆணாக இருக்க வேண்டும் என்பார்கள். தூரத்தில் தேட வேண்டாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் கடலூர் மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 900-கூட இல்லை. வேண்டாமென்று நினைக்கும் பெண் குழந்தையை அரசிடம் விட்டுச்செல்ல வைத்த தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்திலிருந்து இங்கே கொண்டுவரும் நிலை வந்தது. அந்த மாவட்டத்தில் ஒரே ஒரு பெண் குழந்தையோடு போதும் என்று ஓர் ஆண் எழுதுகிறார். அதற்காக உங்களை ஒருமுறை மனதாரப் பாராட்டிவிடுகிறேன்.

ஆனால் பெரியார் 1930-களிலேயே இந்த இடத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறார். கர்ப்பத்தடையை மற்றவர்கள் உடல்நலத்துக்காக, நாட்டின் தரித்திரத்துக்காக, சொத்து சிதறாமல் இருப்பதற்காக ஆதரித்தார்கள். தனக்கு அந்தக் காரணங்கள் முக்கியமில்லை, பெண் விடுதலைக்காகவே அது வேண்டும் என்றார் அவர். முதலில் கேட்கும்போது சின்ன வித்தியாசம்போல இருக்கும். நாட்டுக்காக என்றால் முடிவு நாட்டின் கையில், பூமிக்காக என்றால் பூமியின் பெயரால் பேசுபவரின் கையில். உங்கள் வீட்டில் பூமியின் பெயரால் பேசுவது நீங்கள். அவர் சம்மதம் இன்னும் கிடைக்கவில்லை, ஆனால் ஆபரேஷன் தேதி கேட்டுவிட்டீர்கள்.

இன்னொன்று எழுத வேண்டும், எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இங்கே சுருக்கித்தான் வெளியிட்டிருக்கிறோம், நீங்கள் அனுப்பியது ஐந்து பக்கம். அதில் டன் கணக்கு நாலு வரி. இரண்டரைப் பக்கம் 2024 டிசம்பர் தொடக்கத்து ராத்திரி. ஃபெஞ்சல் புயல் கரை கடந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும், சாத்தனூர் அணையில் ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டு, தென்பெண்ணை கரை தாண்டி உங்கள் தெருவுக்கு வந்தது. மனைவி கையில் பீரோ சாவியும் மாமியாரின் மாத்திரைப் பையும். நீங்கள் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறியிருக்கிறீர்கள். "இன்னொன்று இருந்திருந்தால் எந்தக் கையில் தூக்கியிருப்பேன் டாக்டர்?" என்று ஒரு வரி. 58 டன்னை விட்டுவிட்டு இதைத்தான் நீங்கள் உங்கள் மனைவியிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சொல்லவில்லை, இல்லையா? அவருக்குத் தெரிந்ததெல்லாம் நீங்கள் காட்டிய கணக்குத்தான். கணக்கோடு எப்படிப் பேசுவார் அவர், சண்டைதான் போடுவார். பயந்துபோயிருக்கும் மனிதனோடு பேச முடியும்.

அந்தப் பயம் நியாயமானது. நீங்கள் பதினைந்து பதினாறு வயதில் சுனாமியைப் பார்த்திருப்பீர்கள், அப்புறம் 2011-ல் 'தானே' புயல், 2015 வெள்ளம், அதற்கும் பிறகு இது. இந்தக் கரையில் பிள்ளை வளர்ப்பவர் யாருக்கும் அந்தக் கேள்வி வராமல் இருக்காது.

அதே பயத்தின் மறுபக்கத்தையும் நான் பார்த்திருக்கிறேன். 2004 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் போனார்கள், அதில் குழந்தைகள் நிறைய. தை, மாசி மாதங்களில் கடலோர ஊர்களிலிருந்து பெண்கள் என்னைப் பார்க்க வரத் தொடங்கினார்கள். இருபத்தைந்து, இருபத்தெட்டு வயது. அரசாங்கம் சொன்னபடி இரண்டு பெற்று, இரண்டாவது பிரசவத்தோடு ஆபரேஷனும் செய்துகொண்டு, அந்த இரண்டையும் ஒரே காலையில் கடலுக்குக் கொடுத்தவர்கள். "தெறந்து விட்டுடுங்கம்மா" என்பார்கள். கதவைச் சொல்வதுபோல. வெட்டிக் கட்டிய கருக்குழாயை மறுபடி இணைக்கும் ஆபரேஷன் உண்டு, அதற்கு அரசு உதவியும் அறிவித்தது. ஆனால் எந்த இடத்தில், எவ்வளவு நீளத்துக்கு வெட்டியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. சிலருக்குக் கூடியது, சிலருக்கு ஒட்டவே குழாய் மிச்சமில்லை. அப்படி ஒருத்தியிடம் முடியாது என்று சொன்ன மத்தியானம், வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் என்னிடம் கேட்டார்: "அப்பவே நான் செஞ்சிகிட்டு இருந்தா மட்டும் என்னம்மா ஆயிருக்கும்?" ஒன்றும் மாறியிருக்காது. அவர் கேட்டது அதுவும் இல்லை.

அதனால்தான் மனசு இன்னும் ஒரு பக்கமாகச் சாயாத, 32 வயதுப் பெண்ணுக்கு நிரந்தரக் கருத்தடையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கணவர் எவ்வளவு நல்ல காரணம் சொன்னாலும்.

உங்கள் மனைவிக்கும் ஒரு வார்த்தை. துணைக்காக இரண்டாவது என்ற காரணம் நான் மதிக்கும் காரணம்தான், ஆனால் அதற்கும் உத்தரவாதம் கிடையாது. ஒற்றைப் பிள்ளைகள் நன்றாக வளர்கிறார்கள். அண்ணன் தம்பி என்பது பத்திரப்பதிவு அலுவலகத்தில் மட்டும் தெரியும் குடும்பங்களும் நம் ஊரில் உண்டு. குழந்தை வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், எனக்கு வேண்டும் என்றே சொல்லுங்கள். மகளை முன்னால் நிறுத்த வேண்டியதில்லை.

அப்படியானால் யார் பக்கம் தீர்ப்பு என்று கேட்பீர்கள். அரைக் குழந்தை பெற முடியாது, நடுவில் சந்திக்க வழியில்லாத விஷயம் இது. என் எண்ணத்தைச் சொல்கிறேன்: ஒருவர் மனமில்லாமல் இருக்கும்போது குழந்தை வரக் கூடாது. அந்த அளவுக்கு உங்கள் மறுப்பு செல்லும். ஆனால் அது உங்கள் உடம்புக்கு மட்டும் செல்லும். அவர் உடம்பை நிரந்தரமாக மூட அதற்கு அதிகாரம் இல்லை. பூமிக்குத் துரோகம் செய்கிறாய் என்று அவரைக் குற்றவுணர்வில் தள்ளவும் இல்லை. அப்படி அவரிடம் சொன்னதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. 35-க்குப் பிறகு கருத்தரிக்கும் வாய்ப்பு மெல்லக் குறையும். அதனால் "பார்க்கலாம்" என்று இழுத்து, வயது முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடாதீர்கள், அது ஏமாற்று வேலை. ஒன்றரை வருடம் என்று இருவரும் சேர்ந்து ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஆணுறை போதும். அவர் விரும்பினால் காப்பர்-டி போடலாம், பத்தாண்டு வரை தாங்கும், எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். போடுவதா வேண்டாமா என்பதை அவர் சொல்லட்டும். இந்த இடைவெளியில் மாடிப்படியில் ஏறிய ராத்திரியைப் பேசுங்கள். அவருக்கும் அந்த ராத்திரி இருந்தது, அவர் கையில் என்ன இருந்தது என்று அவரும் சொல்வார்.

அந்தத் தேதி வரும்போது அவரும் தானாகவே "நமக்கு ஒன்று போதும்" என்று சொன்னால், நீங்கள் கேட்ட ஆபரேஷன் கேள்விக்குப் பதில் இதுதான். நீங்கள் வாருங்கள். கத்தியில்லா வாசக்டமி என்று கேளுங்கள், அரசு மருத்துவமனைகளில் இலவசம். மரத்துப்போக ஊசி, சின்னத் துளை, அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். பெண்ணுக்குச் செய்வதைவிட எளிது, ஆபத்தும் குறைவு. ஆண்மை போகாது, உடல் பலம் போகாது. மனைவியின் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை, ஆனால் அவரிடம் சொல்லாமல் வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். இதையும் திரும்ப இணைக்க முடியும் என்ற தைரியத்தில் வராதீர்கள், நிரந்தரம் என்றே நினைத்து வாருங்கள். முடிந்த பிறகும் மூன்று மாதம் ஆணுறை வேண்டும், அப்புறம் விந்துப் பரிசோதனை செய்து உயிரணு இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் சைக்கிள் வேண்டாம், பளு தூக்கவும் கூடாது. வெள்ளம் வந்தால் தெருவில் மூட்டை தூக்கப் போகிற ஆள் நீங்கள் என்று கடிதத்திலேயே தெரிகிறது. அதனால் ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். பொங்கல் முடிந்து வாருங்கள்.